உடன் நிற்பவர்

ஆங்கில அகராதியில் ‘பைஸ்டாண்டர்’ என்றால், ஒரு நிகழ்வுக்கு அருகில் இருந்தும் அதில் பங்கு கொள்ளாதவர் என்று பொருள். தமிழில் வேடிக்கை பார்ப்பவர் எனலாம். கேரள மருத்துவமனைகளிலோ அதே சொல் ஏறத்தாழ நேர்மாறான பொருளில் வழங்குகிறது. ஆலுவாவிலோ கொச்சியிலோ ஒரு நோயாளியைச் சேர்க்கும்போது, ‘பைஸ்டாண்டர் யார்?’ என்று கேட்பார்கள். கட்டிலருகே இரவு தங்குபவர், மருந்துச் சீட்டோடு ஓடுபவர், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுபவர்: அவரே அங்கே பைஸ்டாண்டர். ‘கூட்டிரிப்புகாரன்’ என்ற மலையாளச் சொல்லும் அவரையே குறிக்கும்.

சாலை விபத்துக்குப் பின் என்ன செய்வது என்ற கேள்வியில் இந்த இரண்டு பொருள்களும் எதிரெதிரே நிற்கின்றன.

சேலத்தில் தொடங்கும் தேசிய நெடுஞ்சாலை 544 கோவை, பாலக்காடு, திருச்சூர் வழியே வந்து, ஆலுவாவில் பெரியாற்றைக் கடந்து இடப்பள்ளியை அடைகிறது. இச்சாலையில் பாதித் தூரம் தமிழர் அயலார். மீதித் தூரம் மலையாளிகள் அயலார். 2020 பிப்ரவரி 20 அன்று அவிநாசி அருகே, பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் சென்ற கேரள அரசுப் பேருந்தும் கண்டெய்னர் லாரியும் மோதி 19 பேர் இறந்ததும் இதே சாலையில்தான். அடிபட்டவருக்கு முதலில் கை கொடுப்பவர் பெரும்பாலும் வேற்று மொழிக்காரராகவே இருப்பார்.

செய்ய வேண்டியவை பல இல்லை. வண்டியை நிறுத்தி, அபாய விளக்கை எரியவிட்டு, 112 அல்லது 108-ஐ அழைக்க வேண்டும். தீ போன்ற உடனடி ஆபத்து இல்லையெனில், அடிபட்டவரைக் காரிலிருந்து இழுக்கக் கூடாது. கழுத்தும் முதுகும் வளையக் கூடாது. இரத்தம் கசியும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். இரக்கத்தோடு நீட்டப்படும் தண்ணீரும் சோடாவும் வேண்டாம். மயக்க நிலையில் அவை மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவு ஓட்டுநருக்கு மூன்று கடமைகளை விதிக்கிறது: காயமுற்றவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்தல், 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவித்தல், காப்பீட்டு நிறுவனத்துக்கு அறிவித்தல். கூட்டத்தின் சினத்தால் சிகிச்சைக்கு உதவ இயலாமல் போகலாம் என்பதையும் அப்பிரிவு ஏற்கிறது.

உதவ முன்வருபவரைத் தடுப்பது பெரும்பாலும் பயம். காவல் நிலையம், சாட்சி, வருடக்கணக்கில் நீதிமன்றம் என்ற பயம். உச்ச நீதிமன்றம் 2016 மார்ச் 30 அன்று உதவுவோரைக் காக்கும் வழிகாட்டு நெறிகளுக்குச் சட்ட வலிமை தந்தது. 2019 திருத்தத்தில் 134ஏ பிரிவு சேர்ந்தது. நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது வழக்குத் தொடுக்க இயலாது. பெயரைச் சொல்லும்படி அவரை வற்புறுத்தவும் கூடாது.

இரண்டாவது தடை பணம். கோவை எலும்பியல் அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் சாலைப் பாதுகாப்புக்காகப் பொதுநல வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் இட்ட ஆணையைத் தொடர்ந்து, அவ்வாண்டு மே மாதம் கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டம் நாடெங்கும் அறிவிக்கப்பட்டது: ஏழு நாள்களுக்கு, ஒருவருக்கு ரூ.1.5 லட்சம் வரை. தமிழகத்தில் 2021 டிசம்பரிலேயே தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை எந்த மாநிலத்தவருக்கும் இலவசமாக வழங்குகிறது.

பயமும் பணமும் நீங்கிய பிறகும் ஒன்று எஞ்சி நிற்கிறது. 2017 ஆகஸ்டில் கொல்லம் அருகே விபத்தில் காயமுற்ற நெல்லைத் தொழிலாளி ஒருவரை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் மருத்துவமனை மருத்துவமனையாக அலைந்தது. ஏறத்தாழ ஏழு மணி நேரம் கழிந்தபின் அவர் உயிர் பிரிந்தது. வென்டிலேட்டர் இல்லை என்பதோடு, உடன் ஆள் இல்லை என்பதும் அவரைச் சேர்க்காததற்குக் காரணமாகச் செய்திகளில் வந்தது. கேரள முதல்வர் பினராயி விஜயன் சட்டமன்றத்தில் அக்குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டார்.

உடன் ஆள் என்பவர் கையெழுத்துக்கு மட்டும் தேவைப்படுபவரா? தமிழர் ‘வலிக்கிறது’ என்று முனகினால் மலையாளச் செவியில் அது ‘இழுக்கிறது’ என்று விழும்; வலிக்கு அங்கே ‘வேதன’ என்பதே சொல். ‘துடுப்பு வலித்தல்’ என்பதில் தமிழிலும் அந்தப் பழைய பொருள் இன்னும் வாழ்கிறது. இரு மொழிகளும் இத்தனை நெருக்கமாக இருப்பதாலேயே, தவறாகப் புரிந்துகொண்டதை எவரும் உணராமல் போகக்கூடும். எங்கே வலி, எந்த மருந்து ஒவ்வாது, வீட்டில் யாரை அழைப்பது என்று கேட்டுச் சொல்ல ஒருவர் வேண்டும்.

அவர் உறவினராக இருக்க வேண்டியதில்லை. சட்டம் அவரைக் காக்கும். ஆனால் அவரை வரவழைக்க அதனால் இயலாது. ஆலுவாவில் படிக்கும் தமிழ் மாணவரும் கோவையில் படிக்கும் மலையாள மாணவரும் இதற்கு மிகவும் பொருத்தமானவர்கள். ஆம்புலன்ஸ் கதவு சாத்தப்படும்போது வெளியே நின்றுவிடாமல் உள்ளே ஏறிக்கொள்வதும், வீட்டார் வந்து சேரும்வரை அங்கேயே இருப்பதும்தான் அவர்கள் செய்ய வேண்டியது.