இளைத்தல் இருவகை

பிழைப்பை நாடி வேற்றூர் சென்றோர் விடுமுறைக்குத் தாயகம் திரும்புங்கால், அவர்களை முதலில் எதிர்கொள்வது, "ஏன் இப்படி இளைத்துவிட்டாய்?" என்னும் கேள்வியன்றோ! அக்கேள்வியில் நிறைந்திருப்பது அன்பே. பஞ்சமும் காசநோயும் கண்ட தலைமுறையினர்க்கு இளைத்தல் துன்பத்தின் அறிகுறி. பூரித்தல் நல்வாழ்வின் அடையாளம். ஆயினும், நீரிழிவு புகுந்த இல்லத்தில் இவ்வளவுகோல் பொய்த்துவிடுகிறது.

புனே நகரில் வாழும் நமக்கு நீரிழிவு இருப்பது 2022-ஆம் ஆண்டில் தெரியவந்தது. அப்போது நம் எடை 74 கிலோ, 'எச்பிஏ1சி' 8.1 விழுக்காடு. இரத்தத்தின் சிவப்பணு ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்கிறது. அக்காலமெல்லாம் சர்க்கரை அதன் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்கிறது. அதனை அளப்பதால் கடந்த இரண்டு மூன்று மாதங்களின் நிலை புலப்படும். முதல்நாள் பட்டினி கிடந்து இச்சோதனையை ஏமாற்ற இயலாது.

மருத்துவர் மொழிந்தவாறு உணவைக் குறைத்தும் மாலைதோறும் நடந்தும், பத்து மாதங்களில் 66 கிலோவுக்கு வந்தோம். 8.1 விழுக்காடு 6.3 ஆயிற்று. மகிழ்ச்சியுடன் ஊர் சென்றோம். அன்னையாரோ கண்கலங்கினார். இலையில் சோறு மேன்மேலும் விழுந்தது. மறுத்தால் தாயுள்ளம் நோகும். மறாவிடின் நோய் பெருகும். இவ்விக்கட்டு நமக்கு மட்டும் உரியதன்று.

அன்பர்களே, இளைத்தல் இருவகைப்படும். இன்சுலின் போதாமையால் சர்க்கரை உடலுக்குப் பயன்படாது சிறுநீரில் கழிய, உடல் தன் கொழுப்பையும் தசையையும் கரைத்துக்கொள்வது ஒன்று. தாகமும் சோர்வும், அடிக்கடி சிறுநீர் கழிதலும் உடன் வரும். இது நோயின் முதிர்ச்சி. உடனே மருத்துவரை நாடுதல் வேண்டும்.

முயன்று இளைப்பது மற்றொன்று. இதனால் கல்லீரலிலும் கணையத்திலும் படிந்த கொழுப்புக் குறைகிறது. இன்சுலின் செவ்வனே தொழிற்படுகிறது. பிரிட்டனில் நடைபெற்று 2017-இல் வெளியான 'டைரக்ட்' ஆய்வில், நோய் கண்டு ஆறாண்டுகளுக்கு உட்பட்ட பருத்த உடலினர் பங்குகொண்டனர். அவர்களுள் 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 86 விழுக்காட்டினர்க்கு, ஓராண்டு முடிவில் மருந்தின்றியே நீரிழிவு தணிந்திருந்தது.

இவ்விரண்டையும் கண்ணால் பிரித்தறிதல் அரிது. புனேயின் மருத்துவர் யாஜ்னிக் அவர்களும் இங்கிலாந்தின் மருத்துவர் யூட்கின் அவர்களும் 2004-இல் தம் உடல்களையே ஒப்பிட்டு எழுதினர். உயரத்திற்கேற்ற எடைக் குறியீடு இருவர்க்கும் 22.3 தான். உடற்கொழுப்போ யூட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2! தோற்றத்தை நம்பலாமோ?

ஆகவே, அன்னையாரிடம் வாதிடவில்லை. இரு சோதனைத் தாள்களையும் அருகருகே வைத்துக் காட்டினோம். நெடுநேரம் நோக்கிய அவர், "அப்படியானால் கீரையையாவது இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா, ராஜா?" என்றார். உவப்புடன் ஏற்றோம்.

ஊர் செல்லும் அன்பர்கள், உறவினர்க்கு வாங்கிய பரிசுப் பொருள்களோடு தம் சோதனைத் தாளையும் பெட்டியில் வைத்துக்கொள்வார்களாக!