கல்லும் களத்துமேடும்

தை

கல்கியில்தான் ஆரம்பித்தார். செங்கல்பட்டில் பிறந்து வளர்ந்தவர் தன் சீமையைப் பற்றிப் படிக்கப் புறப்பட்டால் வேறு எங்கே போவார்? 1944 முதல் 1946 வரை 'கல்கி' இதழில் தொடராக வந்த 'சிவகாமியின் சபதம்', நான்கு பாகமும், சென்னை புத்தகக் காட்சியில் தள்ளுபடியில் கிடைத்தது. எழும்பூருக்கு வேலைக்குப் போகும் மின்சார ரயிலில், தாம்பரத்தில் கூட்டம் ஏறும்வரை ஒன்றிரண்டு அத்தியாயம் ஓடும். அதற்குமேல் புத்தகத்தை விரிக்க இடமிருக்காது.

பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்ட இந்த வாசகர் வருடம் முழுவதற்கும் வைத்துக்கொண்ட விதி ஒன்றே. நாவலோ, நாடகமோ, சர்க்கார் அறிக்கையோ, எதுவானாலும் சரி, அதில் பழைய செங்கல்பட்டு ஜில்லா வரவேண்டும். மாமல்லபுரம் கடற்கரையில் ரசிகமணி டி.கே.சி.யோடு உட்கார்ந்திருந்த ஒரு நிலா இரவில்தான் கதைக்கு விதை விழுந்தது என்று கல்கியே முன்னுரையில் சொல்கிறார். சிற்பி ஆயனரும் அவர் மகள் சிவகாமியும் கல்கியின் கற்பனை. ஆனால் ஐந்து ரதங்களின் முன்னால் நின்று, "இதெல்லாம் ஆயனர் செதுக்கினது" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் அப்பாக்கள் இன்றும் உண்டு. ஒரு தொடர்கதைக்கு இதைவிடப் பெரிய வெற்றி எது?

மாசி

எட்கர் தர்ஸ்டனும் கே. ரங்காச்சாரியும் 1909இல் வெளியிட்ட 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' ஏழு தொகுதி. அதில் இருளர் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டார். சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளரான தர்ஸ்டன் ஆட்களின் மூக்கை அளந்து எண்களாக எழுதிவைத்தவர். தகவல் ஏராளம்தான், படிக்கும்போது கொஞ்சம் கூசத்தான் செய்கிறது.

மாசி மகத்துக்கு மாமல்லபுரம் போனபோது அந்த எண்களுக்கு வெளியே இருந்தவர்களைப் பார்த்தார். பௌர்ணமி இரவைக் கழிக்க வடமாவட்டங்களிலிருந்து வந்த இருளர் குடும்பங்கள், நாலு கம்பு நட்டுச் சேலையைச் சுற்றிக் கூடாரம் போட்டிருந்தன. ஈர மணலை அள்ளிப் படிகட்டி, மஞ்சள் பூசி, அதன்மேல் கன்னியம்மனை இருத்தியிருந்தார்கள். விடிந்ததும் அதே மணலில் கல்யாணங்கள். கடற்கரைக் கோயிலுக்கு வந்த சுற்றுலாக்காரர்கள் வேலிக்கு அந்தப்பக்கம் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பங்குனி

செங்கல்பட்டை அடுத்த வல்லத்தில் பல்லவ ராஜா மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரை இருக்கிறது. அதைச் செய்வித்தவன் ராஜா அல்ல, மகேந்திரனுக்கு அடங்கிய வயந்தப்பிரியரசரின் மகன் கந்தசேனன். அந்தக் கல்வெட்டு தமிழில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வந்த கையோடு, மகேந்திரனே சமஸ்கிருதத்தில் எழுதிய 'மத்தவிலாசப் பிரகசனம்' என்ற சிறு நாடகத்தைப் படித்தார்.

அதில் குடித்துத் தள்ளாடும் காபாலிகன் ஒருவன், பிச்சை வாங்கும் மண்டையோட்டைத் தொலைத்துவிட்டு, காஞ்சிபுரம் தெருவில் ஒரு புத்த பிக்குவைத் திருடன் என்று மடக்குகிறான். பஞ்சாயத்துக்கு ஒரு பாசுபதன் வருகிறான். கடைசியில் மண்டையோடு அகப்படுவது ஒரு பைத்தியக்காரனிடம். அதைத் தூக்கிக்கொண்டு ஓடியது நாய், உள்ளே இருந்த இறைச்சிக்காக. ரயிலில் வாய்விட்டுச் சிரித்ததாகக் கேள்வி. குன்றைக் குடைந்து கோயில் செய்த அரசனுக்கு இந்தக் குறும்பும் கைவந்திருக்கிறது என்பது பள்ளிப் பாடத்தில் ஏறவே இல்லை.

சித்திரை

வெயில். மாமல்லபுரத்துப் பெரிய பாறைச் சிற்பம் பற்றிய சண்டைகளை ஒரே மூச்சில் படித்தார். ஏறக்குறைய 30 மீட்டர் நீளப் பாறையில் ஒற்றைக் காலில் நிற்பவர் யார்? ஊர்ப் பேச்சில் அவர் அர்ஜுனன். 1914இல் விக்தர் கொலுபேவ் என்ற அறிஞர், இது கங்கை இறங்கும் காட்சி, நிற்பது பகீரதன் என்றார். நடுவில் உள்ள பிளவும் நாகங்களும் அவருக்குச் சாட்சி. மயிலை சீனி. வேங்கடசாமி, இது சமணரின் அஜிதநாதர் புராணத்தில் வரும் சகரன் மைந்தர் கதை என்று 'மகாபலிபுரத்து ஜைன சிற்பம்' என்ற தனிப் புத்தகமே எழுதினார். அதோடு தீரவில்லை. இரா. நாகசாமி 1962இல், மாமல்லபுரத்து வேலை அத்தனையும் பின்னால் வந்த பல்லவன் ராஜசிம்மன் காலத்தது என்று வாதிட்டார். அவர் சொல்வது சரியென்றால் கல்கியின் கதாநாயகன் நரசிம்மனுக்கு அங்கே ஒரு கல்கூட மிஞ்சாது.

வாதங்களைக் கையில் வைத்துக்கொண்டு பாறைக்கு எதிரே நின்றவரின் கண் யானைக்கு அடுத்திருந்த பூனையில் போய் நின்றது. பின்னங்காலில் நிமிர்ந்து, முன்னங்கால் இரண்டையும் தலைக்குமேல் தூக்கி, விலா எலும்பு தெரிய நிற்கிறது. காலடியில் எலிகள். பக்தியைக் கிண்டல் செய்யும் இந்தக் கை 'மத்தவிலாசம்' எழுதிய வீட்டைச் சேர்ந்ததுதான் என்பது அவருடைய சொந்தக் கட்சி. ஆதாரம் கேட்டால் பூனையைக் காட்டுவார்.

ஆடி

வில்லியம் சேம்பர்ஸ் 1772இலும் 1776இலும் மாமல்லபுரம் வந்து, 1788இல் அச்சான கட்டுரையில், கடலுக்குள் கோபுர உச்சிகள் தெரிந்ததாக ஊர்ப் பெரியவர்கள் சொன்னதை எழுதிவைத்தார். அதை நம்பி, இந்தியாவையே பார்த்திராத ராபர்ட் சதே 1810இல் ஒரு காவியம் பாடினார். காவியம் ஓடவில்லை, அதாவது நம் வாசகருக்கு ஓடவில்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை மணலை அரித்த பிறகு பக்கத்துச் சாளுவன்குப்பத்தில் கல்வெட்டு வெளிப்பட்டதும், தொல்லியல் துறை தோண்டிப் பல்லவருக்கு முந்தைய செங்கல் முருகன் கோயிலின் அடித்தளத்தைக் கண்டதும் காவியத்தைவிடச் சுவையாக இருந்தன.

ஆவணி

இங்கேதான் வருடம் திசை மாறியது.

1763இல் நவாப் முகமது அலி செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கும்பினிக்கு ஜாகீராகக் கொடுத்தான். 1767 முதல் 1774 வரை பொறியாளர் தாமஸ் பர்னார்ட் சுமார் 2,000 கிராமங்களை வீடு வீடாக, ஏரி ஏரியாக எழுதி எடுத்தார். அந்தக் கணக்குகளைத் தேடி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் தரம்பால். அவர் வழியில் வந்த ஆய்வாளர்கள் திருப்போரூர், வடக்குப்பட்டு என்ற இரண்டு ஊர்களை மட்டும் எடுத்துத் தமிழிலேயே நூல் போட்டிருக்கிறார்கள். களத்துமேட்டில் நெல் அளக்கும்போதே கோயிலுக்கு இவ்வளவு, கணக்குப்பிள்ளைக்கு இவ்வளவு, தச்சருக்கு, கொல்லருக்கு, நாவிதருக்கு, வெட்டியாருக்கு என்று மேரை, அதாவது பங்கு, பிரிந்துபோகிறது. அரசாங்கம் வாயைத் திறக்குமுன் ஊர் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. படித்தவருக்குப் பெருமை தாங்கவில்லை. அலுவலகத்தில் டீ நேரத்தில் எல்லோரையும் பிடித்துவைத்துச் சொன்னார்.

புரட்டாசி

பெருமை ஒரு மாதம்தான் தாங்கியது. அடுத்துக் கையில் எடுத்தது ஜே.எச்.ஏ. டிரெமென்ஹீர் 1891இல் அனுப்பிய அறிக்கை. செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்துகொண்டு, இந்த ஜில்லாவின் பறையர் நிலைமை பற்றி எழுதியது. குடிசை போட்ட மனையே மிராசுதாரருடையது, எதிர்த்துப் பேசினால் குடிசை போகும் என்கிறார். தர்க்காஸ்து போட்டுத் தரிசு நிலம் கேட்டால் மிராசுதாரருக்கே முதல் பாத்தியதை, ஆகவே கேட்டவனுக்குக் கிடைக்காது. ஏன் கிடைக்காது என்பதைப் படிப்படியாக, குரலை உயர்த்தாமல் சொல்லிக்கொண்டே போகிறார். இந்த வருடம் படித்ததில் தேர்ந்த உரைநடை இவருடையதுதான் என்று குறித்துவைத்திருக்கிறார் நம் வாசகர். கல்கி ரசிகர்கள் சண்டைக்கு வந்தாலும் சரி.

ஆவணிப் புத்தகத்தைத் திரும்ப எடுத்தார். ஊர்தோறும் பங்கு பிரித்த அதே களத்துமேடுதான். பங்கு வாங்கியவர் பட்டியலில் வெட்டியார் இருக்கிறார், அவர் காலூன்ற மனை இருந்ததா என்று அந்தப் பட்டியல் சொல்வதில்லை. நூறு வருட இடைவெளியும் கும்பினி வரிவிதிப்பும் நடுவில் இருக்கின்றன, எல்லாவற்றையும் ஒரே கோட்டில் இழுக்க முடியாது. ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்த பிறகு டீ நேரப் பேச்சில் சுருதி குறைந்தது.

அறிக்கையின் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 அரசாணை வந்தது. அதன்படி ஒதுக்கப்பட்டதே பஞ்சமி நிலம். பத்து வருடத்துக்கு விற்கக்கூடாது, பிறகும் ஒடுக்கப்பட்டோருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. அப்படியும் கைமாறிய நிலங்கள் பல. காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்கக் கேட்டு நடந்த போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் இறந்தார்கள். நம் வாசகர் தினமும் ரயில் பிடிக்கும் ஊர் இது. பாறைச் சிற்பத்துக்கு நாலு விளக்கம் சொல்லத் தெரிந்தவருக்கு இந்த இரண்டு பெயரும் ஒரு புத்தகத்தின் வழியாகத்தான் வந்து சேர்ந்தன.

கார்த்திகை

மழை, வேடந்தாங்கல். இதற்கும் ஒரு கலெக்டர் உண்டு. லயனல் பிளேஸ், 1798இல் பறவைகளைச் சுடக்கூடாது என்று ஆணை எழுதிக் கொடுத்தார். ஊரார்தான் கேட்டு வாங்கினார்கள். எச்சம் கரைந்த ஏரித் தண்ணீர் நெல்லுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மார்கழி

மேசையில் காத்திருப்பது எல்லிஸ். தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று 1816இல் சொன்னவர் என்று மட்டுமே பலருக்கு அறிமுகமான அதே எல்லிஸ், 1818இல் மிராசு உரிமை பற்றிய பதினேழு கேள்விகளுக்கு விடை எழுதியிருக்கிறார். கையில் இருப்பது பொடி எழுத்து நகல், அடிக்குறிப்புகள் இன்னும் பொடி. ரயில் ஆட்டத்தில் படிக்க முடியாது என்று தை மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளை அதற்கு ஒதுக்கிவிட்டார். ரயிலுக்கு வேறு நாவல் பார்த்துக்கொண்டிருக்கிறார்.