ப்ளூடூத் படுத்தும் பாடு

ரெண்டு வாரமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியலை. ஒரு பக்கம் செமஸ்டர் ப்ராஜெக்ட் கழுத்தை நெரிக்குது. இன்னொரு பக்கம் ரூமில் எனக்கு ஒரு புதுப் பதவி கொடுத்திருக்காங்க: ப்ளூடூத் டாக்டர். சம்பளம் கிடையாது, ஆனா தினமும் ஓ.பி. உண்டு. "படிக்கிற புள்ளதானே, இதைக் கொஞ்சம் பாரு தம்பி"ன்னு ஆளாளுக்கு ஒரு ஹெட்போனை நீட்டுறாங்க. நான் படிக்கிறது என்னவோ மேனேஜ்மென்ட். அதை யார் கேட்கிறா?

இருந்திருக்கிறது ஷார்ஜா ரோல்லாவில். படிக்கப் போறது துபாய் அகாடமிக் சிட்டிக்கு. "ஏன் அவ்வளவு தூரத்தில் இருக்கே?"ன்னு கேட்கிறவங்க துபாய் வாடகையை விசாரிச்சிட்டு வரவும். ஒரு ரூம், மூணு பங்க் பெட், ஆறு பேர். நான் ஒருத்தன்தான் மாணவன். மத்தவங்க எல்லாரும் உழைப்பாளிகள்: ஏசி மெக்கானிக், சூப்பர் மார்க்கெட், டைப்பிங் சென்டர், இப்படி. ஊரில் இருந்து படிக்க வர்ற தம்பி தங்கைகளுக்குச் சொல்றேன், பெட் ஸ்பேஸ் வாழ்க்கையில் உங்களுக்குச் சொந்தமான இடம்னு ஒண்ணு இருந்தால் அது ஆறடிக்கு மூணடி மெத்தை. அதுக்கும் திரைச்சீலைதான் சுவர். அதனால் இங்கே ஹெட்போன் ஆடம்பரப் பொருள் இல்லைங்க, அதுதான் கதவு. காதில் மாட்டினா கதவைச் சாத்தினதா அர்த்தம். மாட்டியிருக்கிறவரை யாரும் கூப்பிட மாட்டாங்க.

ராத்திரி பத்தரைக்கு ரூமைப் பார்க்கணும். ஊரில் அப்போ பன்னிரண்டு மணி. பிள்ளைங்க தூங்கினப்புறம் பேசலாம்னு காத்திருந்த வீட்டம்மாக்கள் எல்லாம் லைனுக்கு வர்ற நேரம். ஆறு திரைச்சீலைக்குள்ளேயும் ஆறு குடும்பம் ஓடும். வாட்ஸ்அப் கால் இந்த ஊரில் வேலை செய்யாதுங்கிறது உங்களில் பலருக்குத் தெரிஞ்சிருக்கும். இன்டர்நெட் வழியாப் பேசணும்னா அரசாங்க அனுமதி வாங்கின ஆப்களில்தான் பேசணும். ஆனா வாய்ஸ் மெசேஜ் தாராளமாப் போகும். அதனால் பாதி குடித்தனம் வாய்ஸ் மெசேஜில்தான் நடக்குது.

எங்க பெரியப்பா எண்பதுகளில் சவுதியில் தம்மாமில் இருந்தார். அப்போ கேசட் கடிதம். வீட்டில் டேப் ரெக்கார்டர் முன்னால் குடும்பமே வரிசையா உட்கார்ந்து, ஆத்தா முதல் கைக்குழந்தை வரைக்கும் பேசிப் பதிவு பண்ணி, லீவு முடிஞ்சு திரும்பிப் போறவங்க பெட்டியில் கொடுத்தனுப்புவாங்களாம். பெரியப்பா அதைப் போர்வைக்குள் வாக்மேன் வச்சுக் கேட்பாராம். கேட்டு முடிச்சு அதே கேசட்டில் பதில் பேசி அனுப்புறதும் உண்டு. ஒரு வித்தியாசத்தைக் கவனிச்சீங்களா? வாக்மேனில் ஒயர் இருந்தது. ஒயர் ஒரு நாளும் பக்கத்துக் கட்டில்காரர் வாக்மேனில் போய்த் தானாகச் சொருகிக்காது.

ப்ளூடூத் சொருகிக்கும்!

மேட்டருக்கு வர்றேன். எங்க ரூமில் பட்டுக்கோட்டைப் பக்கத்து அண்ணன் ஒருத்தர் இருக்கார். ஏசி மெக்கானிக். அதிர்ந்து பேச மாட்டார். ஞாயிற்றுக்கிழமை சமையல் அவர் கைவரிசை. சமைக்கும்போது ரூமில் இன்னொருத்தரோட ப்ளூடூத் ஸ்பீக்கரில் பழைய பாட்டு போடுவார். அதாவது, அண்ணன் போனும் அந்த ஸ்பீக்கரும் ஒண்ணை ஒண்ணு அறிஞ்ச பழைய சிநேகிதம்.

ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி. அண்ணன் திரைக்குள்ளே அண்ணிகிட்டே பேசிக்கிட்டு இருக்கார். அன்னைக்குப் பார்த்து பட்ஸில் சார்ஜ் இல்லை, போனைக் காதில் வச்சு மெல்லப் பேசுறார். ஸ்பீக்கர்காரர் தன் போனில் ஏதோ கேட்கலாம்னு ஸ்பீக்கரை ஆன் பண்ணார். "டொய்ங்"னு ஒரு சத்தம். அடுத்த நொடி ரூம் நடுவில் இருந்து அண்ணி குரல்:

"...செயினை அடகு வச்சுத்தாங்க பீஸ் கட்டினேன். அத்தைகிட்ட சொல்லிறாதீங்க. எனக்கு வேற வழி தெரியலை..."

அப்புறம் அழுகை. அண்ணன் காதில் போனை வச்சுக்கிட்டு "ஹலோ, ஹலோ"ங்கிறார். அவர் காதில் மட்டும் சத்தம் நின்னுபோச்சு, ரூம் முழுக்கக் கேட்குது. ஸ்பீக்கர்காரர் பாய்ஞ்சு போய் சுவிட்சை அமுக்கறதுக்குள் பத்து நொடி போயிருக்கும். அவ்வளவுதான். ஆனா அந்தப் பத்து நொடிக்குப் பிறகு ஒருத்தரும் அசையலை. இருமக்கூட இல்லை. ஆறு பேரும் தூங்குற மாதிரி கிடந்தோம்.

மறுநாள் யாரும் அதைப் பத்திப் பேசலை. கேட்டது காதோட போச்சுங்கிறது ரூம் சட்டம். ஆனா அண்ணன் அதுக்கப்புறம் ரூமில் வச்சுப் பேசறதையே விட்டுட்டார். மாடிப்படியில் போய் நின்னு பேசுவார். ஆகஸ்ட் மாசப் புழுக்கத்தில், பகலெல்லாம் வெயிலில் அவுட்டோர் யூனிட்டைக் கழட்டி மாட்டிட்டு வந்த மனுஷன், ராத்திரி பதினோரு மணிக்கு வேர்த்து விறுவிறுக்கப் படியில் நின்னு பேசுறார். பத்து நிமிஷத்துக்கு மேல் தாங்காது. முன்னாடி ஒரு மணி நேரம் பேசின ஆள்.

மூணாம் நாள் நானே போய்க் கேட்டேன். "அண்ணே, போனைக் கொடுங்க. அது மறுபடி அப்படிப் போகாத மாதிரி பண்ணித் தர்றேன்." ரொம்ப நேரம் யோசிச்சுக் கொடுத்தார்.

நடந்தது இதுதான். பெரும்பாலும் ப்ளூடூத் ஸ்பீக்கர் ஆன் பண்ணின உடனே தான் கடைசியா சேர்ந்திருந்த போனைத்தான் முதலில் தேடும். யார் சுவிட்சை அமுக்கினாங்கன்னு அதுக்குத் தெரியாது. அந்த ஸ்பீக்கரில் மைக்கும் இருக்கு. அதனால் அது போனிடம் "நான் பாட்டும் பாடுவேன், போனும் பேசுவேன்"னு ரெண்டு வேலைக்கும் மனு போட்டுடும். ப்ளூடூத்தில் பாட்டு போற வழி வேறே, கால் போற வழி வேறே. ஆண்ட்ராய்ட் போனில் செட்டிங்ஸில் ப்ளூடூத்தைத் திறந்து, அந்த ஸ்பீக்கர் பேருக்குப் பக்கத்தில் இருக்கிற சக்கரத்தை அமுக்கினா ரெண்டும் தனித்தனி சுவிட்சா இருக்கும். "கால்ஸ்"ங்கிறதை அணைச்சிட்டு "மீடியா ஆடியோ"வை மட்டும் விட்டுவைங்க. இனிமே அதில் பாட்டு வரும், வீட்டம்மா குரல் வராது. ஐபோனில் ஒவ்வொரு கருவிக்கும் இப்படித் தனிச் சுவிட்ச் இல்லை. பேச ஆரம்பிக்கும் முன் ப்ளூடூத் பட்டியலில் ஸ்பீக்கரைத் துண்டிச்சிடுங்க, இல்லை பழைய கருவியை "ஃபர்கெட்" பண்ணிடுங்க.

ரூமில் ஸ்பீக்கர், காரில் ஸ்டீரியோ, ஆபீஸில் கான்ஃபரன்ஸ் போன்னு எதிலெல்லாம் ஒருமுறை சேர்த்திருக்கீங்களோ, எல்லாத்தையும் இன்னைக்கே ஒரு தடவை பார்த்துடுங்க. நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். மிச்சமெல்லாம் தினசரி ஓ.பி. கேஸ். வரிசையா சொல்றேன்.

முதல் கேஸ்: "புது ஹெட்போன் போனில் தெரியவே மாட்டேங்குது." ஆன் பண்றது வேறே, பேரிங் மோட் வேறே. ஆன் பண்ணினா அது பழைய சொந்தத்தைத்தான் தேடும். புது ஆளுக்கு முகம் காட்டணும்னா பட்டனைச் சில நொடி அமுக்கிப் பிடிச்சு, லைட் மாறி மாறி மின்னணும். பட்ஸ் என்றால் பெரும்பாலும் டப்பாவில் ஒரு பட்டன் இருக்கும். மூடியைத் திறந்து வச்சு அதை அமுக்கணும். அப்பவும் தெரியலைன்னா அது ஏற்கெனவே வேற போனோட சேர்ந்திருக்கு. அந்த போனின் ப்ளூடூத்தை அணைச்சிட்டு முயற்சி பண்ணுங்க. சூப்பர் மார்க்கெட் மச்சான் ஒரு நாள் அண்ணன் பட்ஸை இரவல் வாங்கிப் படம் பார்த்தார். அதுக்கப்புறம் அண்ணன் டப்பாவைத் திறந்தாலே பட்ஸ் ஓடிப்போய் மச்சான் போனில் உட்கார்ந்துக்கும். மச்சான் போனில் "ஃபர்கெட்" பண்ணினதும் தீர்ந்தது.

ரெண்டாவது: "பேர் தெரியுது, கனெக்ட் ஆகலை." பேரிங் நடக்கும்போது ரெண்டு கருவியும் ஒரே ரகசிய எண்ணை ஆளுக்கொரு பிரதியா வச்சுக்கும். அடுத்த முறை அந்த எண் ஒத்துப்போனாத்தான் சேர்க்கும். அந்தக் காலத்து உண்டியல் பணம் மாதிரி. இங்கே ஒரு நோட்டு நம்பரைச் சொல்லிவிடுவாங்க, ஊரில் அதே நம்பர் நோட்டைக் காட்டினாத்தான் பணம். ஒரு பக்கம் மட்டும் நோட்டு தொலைஞ்சா? அதேதான். போனில் மட்டும் அழிச்சாலோ ஹெட்போனில் மட்டும் ரீசெட் பண்ணினாலோ பத்தாது. ரெண்டு பக்கமும் அழிச்சிட்டு முதலில் இருந்து சேருங்க. என்கிட்டே வர்ற கேஸில் பாதிக்கு இதுதான் மருந்து.

மூணாவது: "லிஸ்டில் ஒரே பேரில் மூணு காட்டுது." ஒரே கடை, ஒரே ஆஃபர், மூணு பேரும் வாங்கினா வேற எப்படிக் காட்டும்? மத்த ரெண்டு டப்பாவையும் மூடி வைங்க. ஒண்ணை மட்டும் திறந்து சேருங்க. சேர்ந்த உடனே போனில் பேரை மாத்திடுங்க. எங்க ரூமில் ஒருத்தர் "தொடாதே"ன்னு வச்சிருக்கார் :-)

நாலாவது: "சத்தம் விட்டு விட்டு வருது." ப்ளூடூத் ஓடுறது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். அதே ரோட்டில்தான் வைஃபையும் ஓடுது, மைக்ரோவேவ் அடுப்பும் கசிய விடுது. இந்த நெரிசலுக்காகத்தான் பழைய முறை ப்ளூடூத் 79 சேனல்களில் நொடிக்கு 1600 தடவை தாவித் தாவிப் போகும். 2003-ல் வந்த 1.2 பதிப்பில் இருந்து நெரிசலான சேனலைத் தவிர்க்கவும் கத்துக்கிச்சு. அப்படியும் சாயங்காலம் புர்ஜுமான் ஸ்டேஷனில் மெட்ரோ ஏறினா எனக்குப் பாட்டு திக்கும். பெட்டியில் இருக்கிற அத்தனை காதிலும் ஒண்ணு மாட்டியிருக்கே! இன்னொண்ணு, நம்ம உடம்பில் பெரும்பகுதி தண்ணி. இந்த அலையைத் தண்ணி குடிச்சிடும். போன் பின் பாக்கெட்டில் இருந்தா முன் பாக்கெட்டுக்கு மாத்திப் பாருங்க. வீட்டு ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தா போனை அதில் போடுங்க. லேப்டாப்காரங்க யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்கைக் கொஞ்சம் தள்ளி வைங்க. அதோட இரைச்சலும் இதே அலைவரிசையில் விழும்.

அஞ்சாவது, என்னை மாதிரி மாணவர்களுக்கு: "ஆன்லைன் க்ளாஸில் மைக்கை ஆன் பண்ணினதும் சத்தம் கிணத்துக்குள்ளே இருந்து வர்ற மாதிரி ஆயிடுது." ஹெட்போன் கெட்டுப்போகலை. முன்னே சொன்ன ரெண்டு வழிதான் காரணம். மைக்கைத் தொட்டதும் பாட்டு வழியை விட்டுக் கால் வழிக்கு இறங்கிடும். அந்த வழி குறுகல், ஸ்டீரியோவும் கிடையாது. மைக்கா லேப்டாப்போட சொந்த மைக்கைத் தேர்ந்தெடுங்க, சத்தம் பழையபடி ஆயிடும்.

ஆறாவது நம்ம ஊர் ஸ்பெஷல், அதாவது வளைகுடா ஸ்பெஷல். வெயிலில் நிறுத்தின காரில் பட்ஸை விட்டுட்டுப் போகாதீங்க. உள்ளே இருக்கிறது லித்தியம் பேட்டரி. சூட்டில் அதோட ஆயுசு குறையும், சூடா இருக்கும்போது சார்ஜ் போட்டா இன்னும் மோசம். ஒரு காது மட்டும் வேலை செய்யலைன்னா, டப்பாவில் சார்ஜ் ஏறுற அந்தச் சின்ன உலோகப் புள்ளிகளைப் பாருங்க. இங்கத்து வேர்வையும் புழுதியும் சேர்ந்து அப்பியிருக்கும். காய்ந்த பஞ்சால் துடைச்சாலே பாதி நேரம் உயிர் வந்துடும்.

போகிற போக்கில் ஒரு பொது அறிவு. ப்ளூடூத்ங்கிற பேர், பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் ராஜாவோட பட்டப்பேர். சிதறிக் கிடந்தவங்களை ஒண்ணாச் சேர்த்தவர் என்பதால் 1997-ல் இன்டெல் கம்பெனியின் ஜிம் கார்டாக் அந்தப் பேரைச் சிபாரிசு பண்ணினார். சேர்க்கிறது சரிங்க ராஜா, யாரை யாரோடன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சேர்க்கக் கூடாதா?

அண்ணன் விஷயத்துக்கு வர்றேன், இல்லைன்னா திட்டுவீங்க. கால் சுவிட்சை அணைச்சுக் கொடுத்தேன். நம்பலை. ஸ்பீக்கரை ஆன் பண்ணி, நான் வெளியே போய் அவருக்கு போன் போட்டுப் பேசிக் காட்டினேன். ஸ்பீக்கர் வாயைத் திறக்கலை. ரெண்டு தடவை செஞ்சு பார்த்தப்புறம், "இனிமே வராதுல்ல தம்பி?"ன்னார். வராதுண்ணேன்னேன். ஸ்பீக்கர்காரரும் தன் பங்குக்குப் பத்து மணிக்கு மேல் அதைத் தொடறதில்லைன்னு முடிவு பண்ணிட்டார், யாரும் சொல்லாமலே. இப்போ அண்ணன் திரைக்குள்ளேதான் பேசுறார். செயின் மீண்டுச்சா இல்லையான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் கூடாது.

பி.கு: உங்க ரூமில், ஹாஸ்டலில் இந்த மாதிரி ப்ளூடூத் வில்லங்கம் ஏதாவது உண்டா? தீர்த்த விதத்தோடு பின்னூட்டத்தில் சொல்லுங்க. பெயர், ஊர், கேட்ட சேதி மூணையும் மட்டும் விட்டுடுங்க. ரூம் சட்டம் இங்கேயும் செல்லும் :-)