காற்று தணிந்த பிறகு வந்த வெள்ளம்

ஹூஸ்டன், டெக்சாஸ்

ஜூன் பிறந்துவிட்டால் ஹூஸ்டன் தமிழர் வீடுகளில் பேச்சே மெக்சிகோ வளைகுடாவைப் பற்றித்தான். அட்லாண்டிக் புயல் பருவம் நவம்பர் 30 வரை நீளும். குடிதண்ணீர், டார்ச், பேட்டரி எல்லாம் வாங்கி அடுக்கிவிட்டு, "இது எத்தனாவது கேட்டகிரி?" என்று விசாரிப்பார்கள். அந்த எண் காற்றின் வேகத்தை வைத்துப் போடப்படுவது. மழைக் கணக்கு அதில் சேராது.

2017 ஆகஸ்ட் 25 இரவு ஹார்வி நான்காம் வகைப் புயலாகக் கரையைக் கடந்தது. காற்று சீக்கிரமே தணிந்தது. புயலோ இடத்தைவிட்டு நகராமல் நாள்கணக்கில் கொட்டித் தீர்த்தது. டெக்சாஸின் நெடர்லண்ட் என்ற சிற்றூரில் மழை 1,500 மி.மீட்டரைத் தாண்டியது. சென்னையில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்வதே சுமார் 1,400 மி.மீ.தான்.

அதன் பிறகு நடந்தது சென்னை கோட்டூர்புரத்துக்காரர்களுக்குப் பழகிய கதை. நகரின் மேற்கே ஆடிக்ஸ், பார்க்கர் என இரண்டு வெள்ளத் தடுப்பு நீர்த்தேக்கங்கள். அணைக்கு ஆபத்து வரக் கூடாதென்று 28ஆம் தேதி இருட்டோடு இருட்டாக ராணுவப் பொறியாளர்கள் மதகுகளைத் திறந்தார்கள். பஃபலோ ஓடைக்கரை வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது.

2015 டிசம்பர் 1 அன்று சென்னையை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரியில் விநாடிக்கு 29,000 கன அடி திறந்தபோது அடையாற்றங்கரையிலும் இதுதான் நடந்தது. சைதாப்பேட்டையும் ஜாஃபர்கான்பேட்டையும் மூழ்கின. மக்கள் மொட்டைமாடிக்கு ஓடினார்கள். மீனவர்கள் படகோடு வந்து காப்பாற்றினார்கள். ஹூஸ்டனுக்கும் லூசியானாவிலிருந்து சாதாரண மனிதர்கள் தங்கள் மீன்பிடிப் படகுகளை வண்டியில் கட்டி இழுத்து வந்தார்கள்.

ஹூஸ்டனில் வெள்ளம் வடிந்ததும் தெருவெங்கும் ஒரே காட்சி. இங்கே வீட்டு உட்சுவர்கள் ஜிப்சம் பலகைகள். ஈரம் ஏறினால் பூஞ்சை பிடித்துவிடும். இடுப்பளவுக்கு அறுத்தெடுத்து, ஊறிய மெத்தையோடும் குழந்தைகளின் புத்தகங்களோடும் வாசலில் குவித்தார்கள்.

ஆடிக்ஸ், பார்க்கர் அணைகளுக்கு மேல்பக்கம் மூழ்கிய வீடுகளுக்கு அமெரிக்க மத்திய அரசே பொறுப்பு என்று 2019இல் தீர்ப்பு வந்தது. சென்னையில் செம்பரம்பாக்கம் நீர்த்திறப்பை இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் (சிஏஜி) அறிக்கை கடுமையாகக் குறை கூறியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கரையைக் கடந்தது ஆந்திரத்தின் பாபட்லா அருகே. ஆனால் வெள்ளத்தில் மீண்டும் தத்தளித்தது சென்னை.

ஹாரிஸ் கவுண்டி ஓடைகளில் நீர்மட்டக் கருவிகள் இருக்கின்றன. ஏறும் தண்ணீரை யாரும் கைபேசியிலேயே பார்க்கலாம். அடையாற்றங்கரைக் குடும்பங்களுக்குத் தேவை இன்னும் எளிமையானது. செம்பரம்பாக்கத்தில் எத்தனை கன அடி திறந்தால் எந்தத் தெருவுக்கு எத்தனை மணி நேரத்தில் தண்ணீர் வரும், எந்தப் பள்ளிக்கூடத்தில் தங்கலாம் என்ற விவரம், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, செப்டம்பரிலேயே, வீடுவீடாகக் கொடுக்கப்பட வேண்டும்.