ஜே-சை கூறும் சாட்சியம்

புரோட்டானுக்குள் குவார்க்குகளைப் பிணைத்து வைக்கும் துகளாகிய குளுவானுக்கு மின்னூட்டம் கிடையாது. ஆகையால் ஒளித்துகளாகிய ஃபோட்டான் அதை நேரே தீண்டாது. இந்த ஒரு தடையைச் சுற்றிக்கொண்டு போவதற்கென்றே ஏற்பட்டது எங்கள் தொழில். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்து ஜெஃபர்சன் ஆய்வுக்கூடத்தில், ஏறக்குறைய 12 ஜிகா எலெக்ட்ரான் வோல்ட் சக்தியுள்ள எலெக்ட்ரான்களை மெல்லிய வைரத் தகட்டின் வழியே செலுத்தி, அங்கே பிறக்கும் ஃபோட்டான்களைத் திரவ ஹைட்ரஜன் மீது பாய்ச்சுகிறோம். அவற்றுள் 8.2 ஜிகாவைத் தாண்டிய ஏதோவொன்று, மிக அபூர்வமாக, சார்ம் குவார்க்கும் அதன் எதிர்க்குவார்க்குமாகப் பிரிந்து, புரோட்டானைத் தீண்டி, 1974-ல் கண்டறியப்பட்ட ஜே-சை என்னும் துகளாக வெளிப்படுகிறது. புரோட்டானுக்குள் சார்ம் குவார்க் அநேகமாக இல்லாதபடியால், இடையே நின்று காரியத்தை நடத்தியது குளுவானே என்று அனுமானிக்கிறோம்.

ஜே-சையும் கணத்தில் சிதைந்துவிடும். நூற்றில் ஆறு தடவைதான் அது எலெக்ட்ரான்–பாசிட்ரான் ஜோடியாகிறது. அந்த ஜோடியைப் போல வேஷமிட்டு வரும் பையான் என்னும் துகள்களுக்கோ கணக்கில்லை. காந்தப்புலத்தில் பாதை வளைந்த அளவைக் கொண்டு உந்தத்தைக் கணித்து, கலோரிமீட்டரில் விழுந்த சக்தியை அதனால் வகுத்து, ஈவு ஒன்றை ஒட்டி நிற்கிறதா என்று பார்ப்பதே எங்கள் உரைகல். வரம்பை இறுக்கினால் பையானோடு நல்ல எலெக்ட்ரானும் போய்விடும். தளர்த்தினால் வரைபடத்தில் 3.1 ஜிகாவில் எழ வேண்டிய சிகரம் குப்பையில் மூழ்கிவிடும். அந்தச் சிகரத்தைப் பார்த்துக்கொண்டே வரம்பை நகர்த்தலாகாது என்பதில் மட்டும் நான் பிடிவாதக்காரன். பேதே–ஹைட்லர் ஜோடிகள் என்று வேறு ஒரு வகையுண்டு. குளுவானோடு சம்பந்தமே இல்லாத, மின்காந்தவியலைக் கொண்டு துல்லியமாகக் கணிக்கத்தக்க அவற்றை அளவுகோலாக வைத்து ஜே-சையை மதிப்பிடுவதைப் போல அழகான உபாயத்தை நான் இத்தொழிலில் கண்டதில்லை.

இந்த ஆய்வுக்கூடத்தின் குளூ-எக்ஸ் குழு 2019-ல் வெளியிட்ட முதல் முடிவு, ஏறக்குறைய 470 ஜே-சைகளை ஆதாரமாகக் கொண்டது. அதே ஆய்வுக்கூடத்தின் மற்றொரு பரிசோதனை 2023-ல், ஜே-சை பிறக்கும் வீதத்திலிருந்து கணித்து, புரோட்டானின் நிறை பரவியிருக்கும் ஆரம், மின்னூட்டத்தின் ஆரத்தைவிடச் சிறியது என்ற நிர்ணயத்தை முன்வைத்தது. சிகரங்களை நான் நம்புகிறேன். ஆரத்தை நம்பச் சற்றுத் தயங்குகிறேன். குளூ-எக்ஸ் பின்னர் சேகரித்த விரிவான தரவுகளில், 9 ஜிகாவை ஒட்டி வினையின் வீதம் சற்றே தாழ்வதுபோலத் தோன்றுகிறது. அது மெய்யானால், சார்ம் துகள்கள் இடையில் தோன்றி மறையும் வேறொரு மார்க்கமும் உண்டென்றாகும், ஆரத்தைக் கணிக்க உதவிய, குளுவானை மட்டுமே காரணமாகக் கொண்ட சூத்திரத்தை அப்படியே கையாள முடியாது. அந்தப் பகுதியில் இன்னும் புள்ளிகள் வேண்டும்.