முதல் தந்தி, ஒன்பதாம் ஃப்ரெட்

கிட்டார் வாங்குகிறவர்களோடு துணைக்குப் போவது என் தொழிலில் சம்பளம் இல்லாத ஒரு பகுதி. கடையில் நுழைந்ததும் நான் செய்யும் முதல் வேலை, வாங்க வந்தவரை ஆறாம் தந்தியைத் தொடவிடாமல் தடுப்பது. மந்தர ஸ்தாயி எல்லோரையும் ஏமாற்றும். உடம்பு கொஞ்சம் பெரிதாகவும் மேற்பலகை கொஞ்சம் மெல்லிசாகவும் இருந்துவிட்டால் எந்தக் கிட்டாரும் கும்மென்று முழங்கிவிடும். கடையில் மயங்கி வாங்கி வந்து, ஆறு மாதம் கழித்துத்தான் மேல் தந்தியில் பாட்டே இல்லை என்பது தெரியவரும்.

அதனால் முதல் தந்தி, ஒன்பதாம் ஃப்ரெட். ஒரு சுரத்தை மீட்டிவிட்டு இடது விரலை எடுக்காமல் சும்மா இருங்கள். நைலான் தந்தியின் பலவீனம் முழுவதும் அந்த இடத்தில் தெரிந்துவிடும். எஃகுத் தந்தி மாதிரி அது நின்று ஒலிக்காது. மோசமான வாத்தியத்தில் 'டக்' என்று மரத்தைத் தட்டிய சத்தத்தோடு செத்துப்போகும். அங்கே கார்வை நிற்கிறதென்றால் மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

என்னிடம் எட்டு வருஷம் படித்த மாணவி ஒருத்தி மேல்படிப்புக்கு மாட்ரிட் போயிருந்தாள். கோடையில் நானும் அந்தப் பக்கம் போக நேர்ந்தது. சேர்த்துவைத்த பணத்தில் கிட்டார் வாங்கிக்கொண்டுதான் சென்னை திரும்புவேன் என்று நின்றாள். பழைய வாத்தியங்கள் விற்கும் ஒரு கடையில் நாலு கிட்டார்களை எடுத்து வைத்துவிட்டு, எங்களை ஓர் அறையில் தனியாக விட்டார்கள். நாலும் நாலு காலத்தவை.

முதலாவது, 1830களில் லண்டனில் லூயி பனோர்மோ செய்தது. ஸ்பானிய பாணியில் கிட்டார் செய்கிறவன் நான் ஒருவனே என்று லேபிளில் அச்சடித்துக்கொண்ட மனிதர். மடியில் வைத்தால் கைக்குழந்தை எடைகூட இல்லை. சோர், ஜூலியானி ஆகியோரின் இசையை வாசித்துப் பார்த்தாள். அந்த இசை அந்த அளவு உடம்புக்குத்தான் எழுதப்பட்டது என்று தோன்றியது. வாங்க முடியாது என்று இருவருக்குமே தெரியும். ஆனால் பழைய கிட்டார் தேடுகிற யாரும் மறக்கக்கூடாத விஷயம் ஒன்று அதில் இருந்தது. இது நைலான் தந்திக்காகப் பிறந்த வாத்தியமே இல்லை.

நைலான் வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. போர்க்காலத்தில் குடல் தந்திக்குத் தட்டுப்பாடு. நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் என்ற கிட்டார் தச்சர் நைலான் இழையைத் தந்தியாக்கிப் பார்க்க, கிட்டார் மேதை செகோவியா அதை ஏற்றுக்கொண்டார். இன்றைய கிட்டாருக்குத் தகப்பன் என்று சொல்லப்படும் அந்தோனியோ தே தோரெஸ் 1892-இல் இறந்தார். நைலான் சத்தத்தை அவர் கேட்டதே இல்லை. செகோவியாவின் புகழ்பெற்ற 1937 ஹவுசர் கிட்டாரும் குடல் தந்திக்காகச் செய்யப்பட்டதுதான். ஆகவே அந்தக் காலத்துக் கிட்டாரில் கடைக்காரர் இறுக்கமான புதுத் தந்தி பூட்டியிருந்தால் முதலில் அதை இறக்கச் சொல்லுங்கள். மெல்லிய தந்தி போட்டுக் கேட்ட பிறகுதான் அந்த வாத்தியத்தைக் கேட்டதாக அர்த்தம்.

தோரெஸ் என்றதும் அந்த அட்டைக் கிட்டார் நினைவுக்கு வருகிறது. 1862-இல் முதுகையும் விலாவையும் காகித அட்டையில் செய்து, மேற்பலகையை மட்டும் ஒழுங்கான மரத்தில் இட்டார். நாதம் பிறப்பது மேற்பலகையில்தான் என்று நிரூபிக்கச் செய்த வேலை. இப்போது பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முதுகு மரத்தின் வரிகளைக் காட்டி விலை சொல்லும் கடைக்காரர்கள் அதை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

இரண்டாவது, 1960களின் மாட்ரிட் கிட்டார். அந்த ஊர்க் கிட்டார் தச்சர் மூன்றாம் ஹோசே ராமிரெஸ் மேற்பலகைக்கு ஸ்ப்ரூஸை விட்டுச் சிவப்பு செடாருக்கு மாறி, தந்தி நீளத்தையும் 650 மி.மீ.யிலிருந்து 664-க்கு நீட்டிய காலம். பெரிய அரங்குகளில் தனியாளாக உட்கார்ந்து வாசித்த தலைமுறைக்கு அந்தப் பருமனான, இனிப்பான நாதம் தேவைப்பட்டது. ஒன்பதாம் ஃப்ரெட்டில் அது பாடிய பாட்டை இன்னும் மறக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். முடிவு செய்துவிட்டாள்.

எனக்கோ அந்த நீளத்தைப் பார்த்ததும் மணிக்கட்டு வலித்தது. இருபத்தைந்து வயதில் இப்படியொரு நீளக் கிட்டாரை, "பழகிடும் தம்பி" என்ற கடைக்காரர் வார்த்தையை நம்பி வாங்கினேன். கணக்குப் போட்டால் முதல் நாலு ஃப்ரெட்டில் மொத்தம் 3 மி.மீ.கூட வித்தியாசம் வராது. ஆனால் கை விரிந்து, விரல் நுனி ஃப்ரெட்டை ஒட்டி நிற்க வேண்டிய இடத்தில் அந்த 3 மி.மீ. ஒரு மைல். நாலு வருஷம் பழகவே இல்லை, விற்றேன். இவள் கை என் கையைவிடச் சின்னது.

அதைச் சொன்னால் கேட்கமாட்டாள். பையிலிருந்து பல் டாக்டர் கண்ணாடியையும் சின்ன விளக்கையும் எடுத்தேன். ஒலித்துளைக்குள் விட்டுப் பார்த்தால், மேற்பலகையில் ஒரு விரிசலைச் சின்னச் சின்ன மரத்துண்டு வைத்து அழகாக ஒட்டியிருந்தார்கள். விரிசல் குற்றமில்லை, ஒழுங்காக ஒட்டாததுதான் குற்றம். விரல் முட்டியால் மேற்பலகை முழுக்கத் தட்டினேன்; கழன்ற சட்டம் இருந்தால் கிர்ரென்று இரையும். இரையவில்லை. பிரிட்ஜின் பின் விளிம்பில் விசிட்டிங் கார்டைச் செருகப் பார்த்தேன், நுழையவில்லை. கடைசியில் சேடில், அதாவது பிரிட்ஜில் தந்திகள் உட்காரும் எலும்புப் பட்டை. பிரிட்ஜுக்கு மேலே எலும்பு 1 மி.மீ.தான் மிச்சம். அப்படியும் 12-ஆம் ஃப்ரெட்டில் ஆறாம் தந்தி நாலரை மி.மீ. உயரத்தில் நிற்கிறது. அதாவது கழுத்து முன்னால் வந்துவிட்டது, இறக்குவதற்கு எலும்பு இல்லை. ஸ்பானிய முறையில் கழுத்தும் உடம்பும் ஒன்றாகவே கட்டப்படுவதால், கழற்றி மறுபடி பூட்டுவது லேசுப்பட்ட காரியமல்ல. போதாததற்கு முதுகு பிரேசில் ரோஸ்வுட். 1992-இலிருந்து அந்த மரம், அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது; உரிய காகிதம் இல்லாமல் எல்லை தாண்டினால் விமான நிலையத்திலேயே பறிபோகும். காகிதம் கேட்டோம். இல்லை.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை.

மூன்றாவது, ஜெர்மனியில் செய்த புதுக் கிட்டார். மேற்பலகை ஒற்றைப் பலகை அல்ல. மெல்லிய இரண்டு தகடுகள், நடுவில் தேன்கூடு மாதிரி நோமெக்ஸ் என்ற செயற்கைப் பொருள். மத்தியாஸ் டாமன் போன்றவர்கள் தொடங்கிவைத்த முறை. ஆஸ்திரேலியாவில் கிரெக் ஸ்மால்மன் பால்சா மரமும் கார்பன் இழையும் சேர்த்துப் பின்னல் சட்டம் போட்டு, கிட்டார் கலைஞர் ஜான் வில்லியம்ஸ் கையில் கொடுத்தது இன்னொரு வழி. எல்லாவற்றுக்கும் ஒரே ஏக்கம்: சத்தம்.

"சார், இது எவ்வளவு சத்தமா இருக்கு பாருங்க சார்" என்றாள். இருந்தது. அறையை விட்டு வெளியே போய்த் தெருக்கதவருகே நின்று கேட்டேன். அங்கேயும் தெளிவாகக் கேட்டது. கிட்டத்தில் பெரிதாக ஒலித்து எட்டத்தில் கரையும் கிட்டார்கள் உண்டு, இது அந்த ரகமில்லை. ஆனால் பிரிட்ஜ் பக்கம் மீட்டினாலும், ஃப்ரெட் பலகை பக்கம் மீட்டினாலும் ஏறக்குறைய ஒரே நிறம். ஆர்கெஸ்ட்ராவோடு வாசிப்பவருக்கு இதைவிட நல்லது கிடைக்காது. இவள் வாசிக்கப் போவது மொட்டை மாடி அறையிலும் ஐம்பது பேர் உட்காரும் கூடங்களிலும். என் காது பழைய காது என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

நாலாவதை நாங்கள் கடைசியில்தான் தொட்டோம், அது ஜப்பானியது என்பதால். 1970களில் மசாரு கோனோ செய்தது. அவர் மாட்ரிட்டுக்கே வந்து பட்டறை வேலையைக் கவனித்துவிட்டுப் போனவர். ஸ்ப்ரூஸ் மேற்பலகை, 650 மி.மீ., கருங்காலி ஃப்ரெட் பலகை. பார்க்க ஒன்றும் விசேஷமில்லை. செடார் மாதிரி முதல் சந்திப்பிலேயே கொஞ்சிக் குழையாது. ஒன்பதாம் ஃப்ரெட்டில் சுரம் கொஞ்சம் ஒல்லி, ஆனால் நேராக நின்றது. மெல்ல மீட்டினால் ஒரு நிறம், அழுத்தினால் வேறு நிறம். சேடிலில் 3 மி.மீ. எலும்பு இருந்தது. முதுகைத் திருப்பினேன்: நம் ஈட்டி மரம். பிரேசில் மரம் அரிதாகிப்போன பிறகு உலகத்துக் கிட்டார் தச்சர்களுக்குக் கைகொடுத்தது மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டிதான். கிட்டாராக முடிந்துவிட்ட ஈட்டிக்கு 2019-இலிருந்து சைட்ஸ் கெடுபிடியும் இல்லை.

அதைத்தான் வாங்கினாள், அரை மனசோடு.

சென்னைக்கு வந்த முதல் ஐப்பசி மழையில் மேற்பலகை ஈரம் குடித்து உப்பி, 12-ஆம் ஃப்ரெட்டில் தந்தி அரை மி.மீ. ஏறிவிட்டது. அங்கே அரை இறக்க வேண்டுமென்றால் சேடிலில் 1 மி.மீ. இழைக்க வேண்டும். இழைத்துக் கொடுத்தேன். இன்னும் 2 மி.மீ. இருக்கிறது.