சேறு பார்க்கப் போனவர்கள்

திருவண்ணாமலைக்கு வந்தவர்கள் தரையைப் பார்த்து நடப்பது அபூர்வம். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்கக் கண் மலை மேலேயே இருக்கும். பொங்கலுக்கு மறுநாள் விடியற்காலையில் நாங்கள் ஏழு பேர் அந்த மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சமுத்திரம் ஏரிக்கரையில் நின்று சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

2015 முதல் தமிழகத்தில் பொங்கல் விடுமுறையை ஒட்டிப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. அதற்குத்தான் போயிருந்தோம். "ஏரி ததும்பியிருந்தா எவ்வளவு நல்லாயிருக்கும்!" என்றேன். கூட்டி வந்த நண்பர் சிரித்தார். "ததும்பினா நாமக்கோழி வரும், முக்குளிப்பான் வரும். உள்ளானுக்குச் சேறு வேணும் சார்."

நீர் வற்ற வற்றக் கரையோரம் வெளிப்படும் சேற்றில்தான் புழு பூச்சியெல்லாம். அதை ஒவ்வொரு பறவையும் தன் அலகுக்குத் தக்கபடி பங்கு போட்டுக்கொள்கிறது. பட்டாணி உப்புக்கொத்திக்குக் குட்டை அலகு. நாலடி ஓடும், சட்டென்று நிற்கும், கண்ணில் பட்டதைக் கொத்தும். கோரை உள்ளானின் நீண்ட அலகு நுனியில் உணர்வு நரம்புகள் உண்டு. பார்க்காமலே சேற்றுக்குள் துழாவி எடுத்துவிடும்.

தொலைநோக்கியை முக்காலியில் நிறுத்தியதும் ஆடு மேய்க்கும் அம்மா ஒருவர் வந்தார். "அளவெடுக்கிறீங்களா? இங்கயும் பிளாட் போடப் போறாங்களா?" இந்த ஊரில் முக்காலியைக் கண்டால் வேறென்ன தோன்றும்! பறவை பார்க்க வந்தோம் என்றதை அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

எங்களில் ஒருவர் பொங்கலுக்கு எடுத்த சிவப்புச் சட்டையோடு வந்திருந்தார். ஆள்காட்டி அதைப் பார்த்துக் கத்திய கத்தலில் பாதிக் கூட்டம் பறந்துவிட்டது. பெயருக்கேற்ற பறவை. மீதியில் ஒன்று கொசு உள்ளான். தையல் மிஷின் ஊசிபோல் தலை இறங்கி ஏற, கறுத்த கால்கள் சேற்றில் பதிவதற்குள் அடுத்த இடம். எடை ஒரு எலுமிச்சம்பழம்கூட இராது. ஆர்க்டிக் துந்திராவில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்க இந்த விரற்கடை நீரைத் தேடி இறங்கியிருக்கிறது.

இப்போதெல்லாம் ஏரியை அழகுபடுத்துகிறேன் என்று கரையைச் செங்குத்தாக வெட்டி, ஆழமாக்கி, சுற்றி நடைபாதை போடுகிறார்கள். தண்ணீர் நிற்கும், படகும் விடலாம். உள்ளான் கால் வைக்க இடமிருக்காது. தூர்வார வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு பக்கமாவது சரிவை விட்டு வையுங்கள் என்கிறேன்.

வருகிற பொங்கலுக்குக் கிரிவலம் வருகிறவர்கள் ஒரு காலைப் பொழுதை ஏரிக்கும் ஒதுக்குங்கள். 15 நிமிடம் நின்று எண்ணினாலே கணக்கில் சேரும். சிவப்புச் சட்டை வேண்டாம். பழைய செருப்பாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு வாருங்கள்.